ஷ்ஷ்… குழந்தை தூங்குது!

"ஐயோ! காணோம்… ட்ரம்பெட்டைக் காணோம்!"

கிளப் முதலாளி போடில் போட்ட அலறலில் ட்ரம்ஸ்காரன் கையிலிருந்த காபியைத் தன் சட்டையிலேயே கொட்டிக்கொண்டான்.

கோபன்ஹேகன். ஜாஸ் திருவிழா வாரம். சாயங்காலம். 'நீல நிலவறை' கிளப்பில் ஒத்திகை பாதியில் நின்றது.

மேடையோரம் கண்ணாடிப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே வெறும் வெல்வெட் துணி!

ஹவ்ன்ஸ்கோ மியூசியத்திலிருந்து இன்றைய கச்சேரிக்கென்று இரவல் வந்த வெள்ளி ட்ரம்பெட் அது. அதற்காகப் போடில் தன் கிளப்பையே ஈடு வைத்திருந்தாள். ட்ரம்பெட் போனால் கிளப்பும் போச்சு!

இன்ஸ்பெக்டர் குட்ரூன் சைக்கிளில் வந்து இறங்கினாள். நடைபாதைச் சுவரோரம் ஒரே மாதிரி இரண்டு குழந்தை வண்டிகள், கறுப்பு நிறத்தில். குழந்தைகளை வெளியே காற்றாடத் தூங்க விடுவது அந்த ஊர் வழக்கம். போர்வை கழுத்து வரை. முகத்தை மறைத்துக் கொசுவலை.

பின்னால் வந்த கான்ஸ்டபிள் யெஸ்பரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

"ஷ்ஷ்… பூட்ஸைத் தட்டாதடா. குழந்தைங்க தூங்குது."

இருவரும் திருடர்களைப் போல நுனிக்காலில் படியிறங்கினார்கள்.

கீழே மியூசியம் அதிகாரி ப்ரெபென் குதித்துக்கொண்டிருந்தார்.

"இன்ஸ்பெக்டர், திருடி இவதான்! எடுத்து வித்துட்டு நாடகமாடறா! இப்பவே கிளப்பை இழுத்து மூடுங்க!"

"வாயைக் கழுவுங்க ப்ரெபென்!" போடிலுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "இந்த கிளப்பை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு? நானே அதுக்குக் குழி வெட்டுவேனா?"

"அழுதா ட்ரம்பெட் வந்துடுமா?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்தறீங்களா?" குட்ரூன் அதட்டினாள். "யெஸ்பர்… ஒரு இடம் விடாம தேடு!"

பியானோவின் வயிறு. ட்ரம்ஸ். பீர் பீப்பாய்களின் பின்புறம். எல்லோருடைய பைகளும் சோதனையாயின. எங்கேயும் இல்லை.

"மேலே நிக்கற வண்டிங்க யாரோடது?"

"ஒண்ணு என்னுது," என்றாள் பாடகி மாலேன். "ஒத்திகைக்கு முன்னாடி என் பொண்ணைத் தூங்க வெச்சேன்."

"இன்னொண்ணுல என் பேரன்," என்றார் ப்ரெபென். "இப்பதான் கண்ணசந்தான். அவனை எழுப்பிடாதீங்க, ப்ளீஸ்!"

"சேச்சே! தூங்கற குழந்தையை எழுப்பற பாவம் எனக்கெதுக்கு?"

யெஸ்பர் ஈரத் தலையோடு மேலேயிருந்து வந்தான்.

"வெளியே தூறல், சீஃப். வண்டி ரெண்டையும் தள்ளிட்டுப் போய்க் கூரைக்கு அடியில நிறுத்திட்டேன்."

"சமர்த்து!"

ப்ரெபெனின் முகம் மட்டும் சட்டென்று வெளுத்தது.

"நா… நான் கிளம்பறேன். பையனுக்குச் சளி பிடிச்சுடும்."

குட்ரூன் மரியாதையாகக் கூடவே மேலே வந்தாள். வந்தவள் நகரவில்லை. பக்கத்திலேயே நின்றாள்.

ப்ரெபென் இடது வண்டியைப் பார்த்தார். வலது வண்டியைப் பார்த்தார். மறுபடி இடது…

"என்ன ப்ரெபென்?" கிசுகிசுத்தாள். "பேரன் எதுல இருக்கான்னு தெரியலையா? வேணும்னா வலையைத் தூக்கிப் பார்ப்போமா?"

"வேண்டாம்! வேண்டாம்!"

கைக்குக் கிடைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறக்குறைய ஓடினார்.

குட்ரூன் கீழே திரும்பியதும் மாலேன் எழுந்தாள். "பாப்பாவுக்குப் பசிக்கும். எடுத்துட்டு வரேன்."

போனாள்.

அடுத்த கணம் தெருவே அதிர்ந்தது!

"வீஈஈல்!"

எல்லோரும் படியேறி ஓடினார்கள். மாலேன் போர்வையை விலக்கிப் பிடித்தபடி உறைந்து நின்றாள்.

வண்டிக்குள்… வெள்ளி ட்ரம்பெட்! தலையில் கம்பளிக் குல்லா வேறு!

"அட பாவி மனுஷா!" குட்ரூன் நெற்றியில் அறைந்துகொண்டாள். "பேரனும் இல்லை, மண்ணும் இல்லை! ஒத்திகை சத்தத்துல எடுத்து வண்டியில படுக்க வெச்சுட்டு, நம்மகிட்டயே வந்து கத்தியிருக்கான். இந்த ஊர்ல எந்த போலீஸ்காரி தூங்கற குழந்தையைத் தொடுவா?"

போடில் ட்ரம்பெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு விம்மினாள். "என் கிளப் பிழைச்சுது… பிழைச்சுது!"

"என் பொண்ணு?" மாலேன் கதறினாள். "அவன் தள்ளிட்டுப் போனது என் பொண்ணை!"

குட்ரூனின் செல்போன் அலறியது.

"இ… இன்ஸ்பெக்டர்! நான் ப்ரெபென்!"

பின்னணியில் ஒரு குழந்தை ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தது.

"எங்கேய்யா இருக்கே?"

"ஏரிப் பாலத்துல! கொசுவலையைத் தூக்கினேன்… வீறிட்டுது! இப்ப மூணு பொம்பளைங்க என்னைச் சுத்தி நின்னு திட்டறாங்க! பால் எங்கே, கிலுகிலுப்பை எங்கேன்னு… ட்ரம்பெட்டை நான்தான் எடுத்தேன்! ஒத்துக்கறேன்! சீக்கிரம் வந்து என்னைக் கைது பண்ணுங்க!"

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அதுக்கு ஒண்ணும் இல்லை! என் கோட்டுதான்… ஐயோ, முழுக்க நனைச்சுடுச்சு!"

மாலேன் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். யெஸ்பர் உற்சாகமாகக் கைவிலங்கை எடுத்துக் குலுக்கினான்.

குட்ரூன் சைக்கிளில் ஏறினாள்.

"விலங்கு மெதுவா வரட்டும்டா… முதல்ல டயப்பரை எடு!"