ஆடாம, அசையாம

கண்கள்தான் சரியாக வரவில்லை.

சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போட்டே பிழைப்பை ஓட்டுகிறவள் அவள். முகத்தையெல்லாம் முடித்துவிட்டு, கண்களை மட்டும் கடைசிக்கு வைப்பாள். பிறகு மகள் குட்டியை எதிரே உட்காரவைத்து, "ஆடக்கூடாது, பேசக்கூடாது, என்னையே பாரு" என்று அதட்டி, அந்தப் பிஞ்சுக் கண்களை அப்படியே தாளில் இறக்கிவிடுவாள்.

இந்தப் புத்தகத்தில் முதல் பக்கத்துச் சிறுமியின் கண்ணில் குறும்பு வழிந்தது. பக்கம் போகப்போக அது வற்றிக்கொண்டே வந்தது. பதிப்பகத்து அக்கா போனில் அலுத்துக்கொண்டாள். "என்னம்மா இது, கையில பலூன் வச்சிருக்கிற புள்ள சாவு வீட்டுல நிக்கிற மாதிரி பாக்குது!"

இவள் தூரிகையைத் திட்டினாள், மறுபடி குட்டியை உட்காரவைத்தாள். மழை மூட்டத்தில் பகலிலேயே மேசை விளக்கு எரிந்தது, எங்கோ குழாய் சொட்டியது, ஈரத்தாளின் வாசனைக்கு அடியில் நெடுநாள் பூட்டிக்கிடந்த பெட்டியைத் திறந்ததுபோல் இன்னொரு வாசனை, அதுவும் தன் முதுகுப் பக்கமிருந்தே வருவது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பின்னால் வெறும் சுவர்தான்.

"எங்கடி பாக்குறே? என்னைப் பாருன்னேன்ல?"

"உன்னையும்தான் பாக்குறேன். பின்னாடி நிக்கிறதையும்தான்."

"என்னது நிக்குது?"

"பேசக்கூடாதுன்னியே. அதான் சொல்லல."

நாள் தவறாமல், கண்ணை எடுக்கவிடாமல், அதைப் பார்க்கவைத்தது தானேதான்.

"அய்யோ என் தங்கமே, அழுதிருக்கலாமேடி!"

"அழுதேன். கண்ணைத் தொடைச்சிட்டு ஒழுங்கா உக்காருன்னே." குட்டி கொட்டாவி விட்டாள். "இப்ப பழகிடுச்சும்மா."

அவள் மண்டியிட்டாள். மகளின் முகத்தருகே போனாள். கருமணிக்குள் விளக்கு. தம்மாத்துண்டாக அவள். அவள் தோளுக்கு மேலே இன்னொரு தலை.

கழுத்தில் ஈரக் காற்று.

திரும்பிப் பார்க்க முயன்றாள். சின்னக் கைகள் இரண்டும் அவள் கன்னத்தைப் பிடித்து நிறுத்தின.

"ஆடாதே," என்றாள் குட்டி. அதட்டல் அச்சு அசலாக அம்மாவுடையது. "பேசாதே. என்னையே பாரு."

கருமணிக்குள் அந்தத் தலை மெல்லக் குனிந்தது. வாய் திறந்தது.

குட்டி இமைக்கவேயில்லை.