வெளியே வந்த நேரம்

“கோயிலுக்குப் போலாம், அருவிக்குப் படி எறங்க முடியாட்டி மேல நின்னு பாக்கலாம், படகுல கூட ஏறறேன், அந்தப் பங்களாத் தோட்டம் மட்டும்...”

“கண்ணு ஆபரேசனுக்கு முன்னால ஒருக்கா பாத்துரலாம்னுதான்...”

“...வேண்டாம்னு பஸ் ஏறும்போதே சொன்னேனுங்களா இல்லையா?”

“...கேக்கறேன். இருபத்தெட்டு வருசத்துல வேற என்னத்தக் கேட்டேன், ஸ்டெல்லா?”

செம்மேட்டுக்கு வெளியே நாங்கள் எடுத்திருந்த காட்டேஜின் வாசலில், காபி டம்ளர்களோடு அதைப் பார்த்துக்கொள்ளும் வளர்மதி என்னையும் என் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் பின்னால் சுவரில் ‘பார்க்க வேண்டிய இடங்கள்’ என்ற பட்டியல். ஆறாவது வரி: வெள்ளைக்காரர் பங்களா, ஆரஞ்சு மரங்கள், கல்தொட்டி.

“நல்லாருக்குமுங்கம்மா. மஞ்சு எறங்கி வழி மறையறதுக்குள்ள வந்துருங்க” என்றாள்.

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தேன்.

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் நாங்கள் இருவரும் இந்த மலையில் விடுதிப் பள்ளி ஆசிரியர்கள். ஒருநாள் முப்பத்தொரு பிள்ளைகளை அந்தத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனோம். கேட்டில் ஒரு நோட்டு இருக்கும். உள்ளே போன நேரம், எத்தனை பேர். வெளியே வந்த நேரம், எத்தனை பேர். திரும்பும்போது யார் நிற்பது என்று இவர் போகும்போதே இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். எல்லா ஆபீசிலும் உள்ள பழக்கம். வரும்போது எண்ணவில்லை.

ராத்திரி ஆஜர் எடுத்தபோது ஒன்று குறைந்தது. அஞ்சாம் வகுப்பு அத்தாயி. நோட்டில் ‘வெளியே 31’ என்று இருந்ததால் அந்தத் தோட்டத்தைத் தவிர மலை முழுக்கத் தேடினார்கள்.

காலையில் கல்தொட்டித் தண்ணீரில் கிடைத்தாள், உயிரில்லாமல்.

பிள்ளை தானாகத் திரும்பிப் போயிருக்கிறாள் என்று விசாரணையில் எழுதினார்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

கேட்டில் இப்போது குப்புசாமி என்றொருவர்.

“எத்தன பேருங்க?”

“ரெண்டு.”

இவர் நோட்டில் குனிந்தார். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். வெளியே வந்த நேரம் 4.30. பேர் 2. கையெழுத்து.

“ஏனுங்க!”

“கை தானா எழுதிருச்சு.”

“எல்லாரும் அப்படித்தானுங்கம்மா எழுதறாங்க” என்று குப்புசாமி சிரித்தார்.

உள்ளே ஆரஞ்சு காய்க்கும் பருவமில்லை. ஆனாலும் உரித்த தோலின் வாசனை அடித்தது. பங்களாவின் கூரை விழுந்து, சுவரில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. தொட்டிக்கு இரும்பு வலை போட்டிருந்தார்கள். உள்ளே தண்ணீர் இல்லை, சருகுதான்.

இவர் செருப்பைக் கழற்றினார்.

“அத்தாயி” என்றார். வகுப்பில் ஆஜர் எடுக்கும் அதே குரலில்.

காற்றுகூட இல்லை.

“போதுமுங்க. வாங்க.”

அப்போதுதான் பார்த்தேன். காய்ந்த கல் விளிம்பில் ஈரமாக ஒரு பாதம். என் கை நீளம்.

அடுத்தது தரையில்.

அடுத்தது எங்களைப் பார்த்து.

நடந்தோம். பின்னால் சருகு நொறுங்கியது. நின்றோம். அதுவும் நின்றது.

“திரும்பாதீங்க.”

“திரும்பல.”

“யாருங்க?”

“கேக்காத, ஸ்டெல்லா.”

கேட்டுக்கு வருவதற்குள் மஞ்சு இறங்கி, குப்புசாமியின் சட்டை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

“சார், உள்ள ரெண்டு, வெளிய மூணுன்னு போட்டிருக்கீங்களே?”

“ரெண்டுன்னுதான் எழுதுனேன்.”

“உங்க எழுத்துதானுங்க இது?”

இவருடைய சாய்ந்த எழுத்துதான். 3. மை இன்னும் காயவில்லை.

“அடிச்சுட்டு ரெண்டுன்னு போடுங்க, போயிரலாம்” என்றேன். எனக்கு அலுத்துவிட்டது. அன்றைக்கும் இப்படித்தான், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டேன்.

பேனாவை வாங்கினார். முள் தாளைத் தொட்டது. நகரவில்லை.

“மறுபடியும் உட்டுட்டுப் போகச் சொல்றியா?”



பேனாவை வைத்துவிட்டு, அன்று எண்ணாததை இவர் எண்ண ஆரம்பித்தார். என் தோளைத் தொட்டு, “ஒண்ணு.” தன் நெஞ்சைத் தொட்டு, “ரெண்டு.”

கை காற்றில் நின்றது. ஆரஞ்சுத் தோலின் வாசனை முகத்தில் அடித்தது. என் சேலைத் தலைப்பை ஈரமாக ஏதோ பிடித்தது, இடுப்பு உயரத்தில்.

“உள்ளேன் ஐயா.”