ஒன்பது பேருக்கும் ஒரே பதில்

"காலை ஆட்டாதீங்க!"

அதட்டல் கேட்டதும் அவன் கால் அந்தரத்தில் நின்றது.

தனுஷிகா நிமிர்ந்து பார்த்தாள். மேசைக்கு அந்தப் பக்கம், நாற்காலி நுனியில், மழையில் தொப்பலாக நனைந்த ஓர் உருவம். முடியிலிருந்து சொட்டும் நீர்... மூக்கு நுனியில் ஒரு துளி... சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் உதடு. ஆனால் அந்தக் கண்கள்! ஹட்டன் நகரத்தையே பனிமூட்டம் விழுங்கியிருந்த அந்தக் காலையில், அவை மட்டும் யாரோ துடைத்து வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தன.

'சே... என்ன பார்வை இது, தனு! வேலையைப் பார்.'

வேலை நிறையவே இருந்தது. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆறு மாத ஹோட்டல் பயிற்சியை முடித்த ஒன்பது பிள்ளைகள் பக்கத்து அறையில் காத்திருந்தார்கள். பத்து மணிக்கு நுவரெலியாவிலிருந்து ஒரு பெரிய ஹோட்டலின் அதிகாரி ஆள் எடுக்க வருகிறார். பயிற்றுநர் தனுஷிகாவுக்கு இருபத்து நான்கு வயது. இது அவள் முதல் வகுப்பு. நேர்முகத் தேர்வுக்குக் கடைசி ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தாள். வேறு ஊரில் பயிற்சி முடித்த பையன் ஒருவன் மஸ்கெலியாவிலிருந்து வந்து சேர்ந்துகொள்வான் என்றும் சொல்லியிருந்தார்கள்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"மஸ்கெலியா..."

"அதான் இவ்வளவு நேரமா? பேரு?"

"வினோஜன். மிஸ், நான் வந்து..."

"'நான் வந்து, நீ வந்து'ன்னு இழுக்கக் கூடாது. வயசு?"

"இருபத்தாறு."

"இருபத்தாறா! இவ்வளவு நாளா என்ன செஞ்சீங்க?"

"ஹோட்டல்லதான் மிஸ். முதல்ல பாத்திரம் கழுவுனேன். அப்புறம்..."

"ஐயோ, பாத்திரம் கழுவுனேன்னு யாராவது சொல்லுவாங்களா? 'சமையலறைச் சுகாதாரப் பிரிவில் அனுபவம் உண்டு'ன்னு சொல்லணும்."

அவன் உதடு யோசிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தே விட்டது.

"சிரிப்பு வேற! இந்தாங்க." ஒரு தாளை நீட்டினாள். "எல்லாக் கேள்விக்கும் பதில் இங்கிலீஷ்ல இருக்கு. மனப்பாடம் பண்ணுங்க. ஒரு எழுத்து மாறக் கூடாது."

உண்மையைச் சொல்ல வினோஜன் இரண்டு முறை வாயைத் திறந்தான். மூன்றாவது முறை திறக்கவில்லை. அதட்டும்போது அந்தக் கண்கள் இன்னும் பெரிதாகின்றன... இன்னொரு தடவை அதட்டினால்தான் என்ன?

அதற்குள் நிலையத்தின் பொறுப்பாளர் செல்லசாமி ஓடி வந்தார். "மிஸ், நுவரெலியா சேர் அப்பவே உள்ள வந்துட்டாராமே... ஆ, சேர்! இங்கதான் இருக்கீங்களா? முழுசா நனைஞ்சிட்டீங்களே!"

தனுஷிகாவின் கையிலிருந்த பேனா மேசையில் உருண்டு தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தவளுக்கு மேசைக்கு அடியிலேயே இருந்துவிடலாம் போலிருந்தது.

*

நேர்முகத் தேர்வு தொடங்கியது. தனுஷிகா சுவரோரமாக நின்றாள். முகத்தில் அடுப்பு எரிந்தது.

"உங்க பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டான் வினோஜன்.

"வாசிப்பும் தோட்டக்கலையும் சேர்" என்றது முதல் பிள்ளை இங்கிலீஷில்.

இரண்டாவதுக்கும் வாசிப்பு, தோட்டக்கலை. மூன்றாவதுக்கும் அதேதான். நாலாவதாக வந்த திலக்ஷன் "வாசிப்பும்..." என்று தொடங்கி, நடுவில் தொலைந்து, கூரையைப் பார்த்தான். வினோஜன் சட்டைப் பையிலிருந்து ஈரத் தாளை எடுத்துப் பிரித்தான்.

"தோட்டக்கலை" என்று எடுத்துக் கொடுத்தான் மெதுவாக.

"தேங்க் யூ சேர்! தோட்டக்கலை!"

பூரணி மட்டும் எல்லாவற்றையும் மறந்துபோனாள். மறந்த பயத்தில், காலையில் ஐந்து தம்பி தங்கச்சிக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டு வந்ததையும், கடைசி ரொட்டி கருகிப்போனதையும், அதைத் தானே சாப்பிட்டதையும் தமிழில் கொட்டித் தீர்த்தாள். அவளுக்கு உடனே வேலை கிடைத்தது.

அவளுக்கு மட்டும்தான்.

"ஒம்பது பேர்ல ஒருத்தியா?" பிள்ளைகள் போனதும் தனுஷிகா வெடித்தாள். "நீங்க ஆள் எடுக்க வந்தீங்களா, எங்களக் கேலி பண்ண வந்தீங்களா? ஒளிஞ்சிருந்து எங்க தாளையும் வாங்கி வச்சுக்கிட்டு..."

"ஒளியல மிஸ். நீங்கதான் பேச விடல. தாளும் நீங்க குடுத்ததுதான்."

அது உண்மையாக இருந்ததால் கோபம் இன்னும் கூடியது.

"மஸ்கெலியாப் பையன் ஏன் வரலன்னு தெரியுமா? நேத்தே கொழும்புக் கடைக்கு மூட்டை தூக்கப் போயிட்டான். இங்க வேலை இல்லன்னா இந்த எட்டுப் பேரும் அடுத்த வாரம் கொழும்பு பஸ்லதான் ஏறுவாங்க. இவங்க அம்மாமாரெல்லாம் இன்னிக்குத் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கிட்டே சாமிகிட்ட வேண்டிக்கிட்டு இருப்பாங்க."

வினோஜனின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று.

"மஸ்கெலியாவுல எங்கம்மாவும் கொழுந்து எடுக்குறவங்கதான் மிஸ். அவங்களப் பார்த்துட்டுத்தான் காலையில வந்தேன். நானும் இப்படித்தான், யாரோ எழுதிக் குடுத்ததை ஒப்பிச்சேன். மூணு ஹோட்டல்ல வெளிய அனுப்புனாங்க. நாலாவது இடத்துல, பசிக்குது, பாத்திரமாவது கழுவுறேன்னேன். எடுத்துக்கிட்டாங்க." அவன் தாளை மடித்து மேசையில் வைத்தான். "இவங்க யாருன்னே எனக்குத் தெரியல. தெரியாம எப்படி எடுக்குறது? ஆள் எடுத்த பட்டியலை அடுத்த வாரந்தான் ஹோட்டல்ல குடுக்கணும். கூப்பிட்டா மறுபடி வர்றேன்."

"ஒண்ணும் வர வேணாம்!"

அவன் மழைக்குள் இறங்கிப் போனான். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்காத மாதிரி பார்த்தாள்.

*

வீட்டுக்குப் போனால் கோபம் தணியும் என்று நினைத்தாள். தணியவில்லை. சோற்றில் கை வைத்தால் 'தோட்டக்கலை' என்ற அந்த மெல்லிய குரல்... கண்ணை மூடினால் மூக்கு நுனியில் அந்த ஒற்றைத் துளி...

'ஆனா... அவன் சொன்னதுல என்ன தப்பு?'

மறுநாள் வகுப்பில் தாள்களையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "உண்மையைச் சொல்லுங்க. வீட்டுல என்னதான் செய்வீங்க?"

திலக்ஷன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். "எங்க லயத்து வீடுங்கள்ல எல்லாப் புள்ளைங்களோட ஸ்கூல் உடுப்பையும் நான்தான் மிஸ் அயர்ன் பண்ணுவேன். ஒரு மடிப்புக்கூடப் பிசகாது." இன்னொருத்தி கோயில் திருவிழாவில் இருநூறு பேருக்குப் பந்தி பரிமாறியவள். சிறில் என்ற பையன் எழுந்து நின்று, "எனக்கு ஹோட்டலே புடிக்காது மிஸ். த்ரீவீல் எஞ்சின்தான் புடிக்கும்" என்றான். ஆறு மாதமாக அவனைப் படுக்கை விரிக்க வைத்ததை நினைத்துத் தனுஷிகா தலையில் கை வைத்துக்கொண்டாள். அன்றைக்கே செல்லசாமியிடம் பேசி அவனை மோட்டார் வகுப்புக்கு மாற்றிவிட்டாள்.

பிறகு போனை எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள். வைத்தாள். மூன்றாவது முறை, ஒரு மணி அடிப்பதற்குள்ளேயே "சொல்லுங்க மிஸ்!" என்றது அந்தப் பக்கம். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தானோ?

"கேள்வியெல்லாம் வேணாம். வேலை செய்யச் சொல்லிப் பாருங்க" என்றாள் விறைப்பாக. "வரச் சொல்றது புள்ளைங்களுக்காகத்தான்."

"சரிங்க மிஸ்... புள்ளைங்களுக்காகத்தான்."

வியாழக்கிழமை வந்தான். பயிற்சி நிலையத்தின் கூடத்தையே ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். வினோஜன் விருந்தாளியாக உட்கார்ந்தான். லேசுப்பட்ட விருந்தாளியா? கரண்டி கோணலாக இருக்கிறது என்றான். தலையணை முறைக்கிறது என்றான். கடைசியில் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆறிப்போச்சே!" என்று கத்தினான்.

திலக்ஷன் பதறவே இல்லை. "மன்னிச்சுக்குங்க சேர். இது ஹட்டன். நீங்க எங்க மிஸ்ஸைப் பார்த்துட்டுத் திரும்புறதுக்குள்ள எல்லாம் ஆறிடும். வேற சூடா கொண்டாறேன்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. வினோஜனுக்குப் புரையேறியது. தனுஷிகா சுவரில் இல்லாத கடிகாரத்தில் மணி பார்த்தாள்.

ஏழு பேருக்கும் வேலை கிடைத்தது.

*

அன்று மாலை வட்டவளைக்குப் போகும் ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள் தனுஷிகா. ரயில் நகர்ந்த பிறகு யாரோ தாவி ஏறினார்கள். மூச்சு வாங்க எதிரில் வந்து உட்கார்ந்தது... வினோஜன்!

"என்னங்க இது! நுவரெலியாவுக்கு நீங்க எதிர்ப்பக்கம், நானுஓயா போற ரயில்லல்ல ஏறணும்?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் இதுல ஏறுனீங்க?"

"பட்டியல் முடிஞ்சு போச்சு. இனி ஹட்டனுக்கு வர எனக்கு ஒரு காரணமும் இல்ல. பிளாட்பாரத்துல நின்னு யோசிச்சேன்... பயமாயிருச்சு. ஏறிட்டேன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தேயிலைச் சரிவுகள் ஈரத்தில் மினுங்கின. அவள் மடியிலிருந்த குடைக் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

வழியில் றொசல்ல நிலையத்தில் ரயில் நின்றது.

"இங்க இறங்குனா மேல போற ரயிலைப் புடிக்கலாம்" என்றாள் குனிந்தபடியே.

அவன் எழுந்தான். "சரிங்க... வர்றேன்."

"உட்காருங்க!"

டக்கென்று உட்கார்ந்தான். ரயில் மீண்டும் கிளம்பியது.

"எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்கு" என்றான் பட்டென்று. "முதல் நாளே. திட்டு வாங்கிக்கிட்டு இருக்கும்போதே. உங்களுக்கு எப்படின்னு தெரிஞ்சா... திட்டுனாலும் பரவாயில்ல."

தனுஷிகாவின் நெஞ்சு ரயிலைவிட வேகமாக ஓடியது. "அன்னிக்கு வந்தது கோபம்னுதான் நெனச்சேன். கோபம்னா ரெண்டு நாள்ல போயிடும்ல? போகல..." என்றவள், அதற்குப் பிறகு ஏதோ முணுமுணுத்தாள். சக்கரச் சத்தமும் மழைச் சத்தமும் அதை அடித்துக்கொண்டு போயின.

"என்ன? கேக்கலங்க!"

மறுபடி முணுமுணுத்தாள்.

"சத்தத்துல ஒண்ணுமே கேக்கலங்க!"

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்தினாள். "எனக்கும் உங்களைப் புடிச்சிருக்குன்னு சொன்னேன்!"

அதற்குள் ரயில் வட்டவளையில் நின்றுவிட்டிருந்தது. சக்கரச் சத்தம் இல்லை... பெட்டி முழுக்க ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. இருபது தலைகள் ஒன்றாகத் திரும்பின. மடியில் லீக்ஸ் காய்கறிக் கட்டு வைத்திருந்த அம்மா ஒருத்தி, எட்டி வினோஜனின் தோளைத் தட்டினாள்.

"தம்பி... இப்பவாச்சும் கேட்டுச்சா?"

காது மடல் வரை சிவந்துபோன வினோஜன், அந்த அம்மாவைப் பார்க்காமல் தனுஷிகாவையே பார்த்தான்.

"கேட்டுச்சுங்க" என்றான்.

ஒரே குடையில் இருவரும் மழைக்குள் இறங்கினார்கள்.