பதினான்காம் தேதிப் படம்

ரவ்தா அத்தை துனிஸ் நகரத்திலிருந்து வந்தபோது, நெஸ்ரினிடம் ஒரு சின்னக் கறுப்புக் கேமராவைக் கொடுத்தாள். பார்க்கச் சோப்புக்கட்டி அளவுதான் இருந்தது. கையில் வாங்கியதும் நன்றாகக் கனத்தது.

"இது வந்த புதுசுல இதைவிட உசத்தியான குட்டிக் கேமரா கிடையாது. இப்ப கொஞ்சம் வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்றாள் அத்தை.

நெஸ்ரின் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "தூரத்துல இருக்கறதை எப்படி அத்தை கிட்டக் கொண்டுவர்றது?"

"நடந்து போகணும்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். இன்னொண்ணும் இருக்கு. சார்ஜ் போட பாட்டரியை எடுத்தா, இது தேதியை மறந்துடும். ஒவ்வொரு தடவையும் நீதான் சரியா வைக்கணும்."

"எதையெல்லாம் படம் எடுக்கலாம்?"

"தினமும் என்ன பாக்கறியோ அதையே எடு. போதும்."

நெஸ்ரினும் அப்படியே செய்தாள். கேமரா அவளுடைய பள்ளி மேலங்கிப் பையிலேயே இருந்தது. தன் ஊரான பிஸெர்தாவின் பழைய துறைமுகத்தில் வலை உலர்த்துபவர்கள், ரொட்டிக் கடை வரிசை, எண்ணெயில் பொரியும் ‘பிரிக்’ என்ற முட்டைப் பலகாரம், நீல ஜன்னலில் தூங்கும் பூனை என்று எல்லாவற்றையும் எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் மூக்கு இடிக்கும் தூரம்வரை போனாள். அதனால் தெருவில் பாதிப் பேர் அவளைத் திட்டினார்கள். மீதிப் பேர் தலையைச் சீவிக்கொண்டு வந்து நின்றார்கள்.

தெருமுனையில் ஹெதி மாமாவின் முடிதிருத்தும் கடை இருந்தது. கடை வாசலில் ஒரு கூண்டு தொங்கும். அதில் சிவப்பு முகமும் மஞ்சள் இறகும் உள்ள பாட்டுக்குருவி ஒன்று இருந்தது. அது பாட ஆரம்பித்தால் ஹெதி மாமா கத்திரிக்கோலை நிறுத்திவிடுவார். முடி பாதி வெட்டியபடி ஆட்கள் பொறுமையாக உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குருவி காணாமல் போனது. கூண்டுக் கதவு திறந்து கிடந்தது.

நாலைந்து நாட்கள் ஹெதி மாமா யாரோடும் சரியாகப் பேசவில்லை. வியாழக்கிழமை மாலை, பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்த நெஸ்ரினைக் கூப்பிட்டார்.

"நெஸ்ரின், இங்க வாம்மா. எப்பப் பார்த்தாலும் அந்தக் குட்டிப் பெட்டியோடதானே சுத்தறே? ஞாயித்துக்கிழமை என் கடைப் பக்கம் எதாவது எடுத்தியா?"

"பாக்கறேன், மாமா."

நெஸ்ரின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தேதி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பதினான்காம் தேதி. பதினான்கு என்று போட்ட படம் வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது.

படத்தில் அவளுடைய தோழி மலெக் இருந்தாள். கூண்டுக்குப் பக்கத்தில் எக்கி நின்றுகொண்டிருந்தாள். அவள் கை கூண்டுக் கதவின் மேல் இருந்தது. கதவு பாதி திறந்திருந்தது.

ஹெதி மாமா எட்டிப் பார்த்தார். நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு இருந்தவரும் எழுந்து வந்து பார்த்தார்.

"இது எதிர்வீட்டுப் பொண்ணு மலெக் இல்ல?" என்றார் நுரைக்காரர்.

நெஸ்ரின் கேமராவை மூடுவதற்குள், மலெக்கே கையில் ரொட்டியோடு அந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

"ஏய் மலெக், என் குருவியை நீயா திறந்து விட்டே?" என்று ஹெதி மாமா கேட்டது தெரு முழுக்கக் கேட்டது. போனவர்கள் நின்றார்கள்.

மலெக்குக்கு ஒன்றும் புரியவில்லை. "நானா? ஞாயித்துக்கிழமை நான் ஊர்லயே இல்ல, மாமா. மாத்தேர்ல பெரியம்மா வீட்டுல இருந்தேன்."

"அப்ப படத்துல நிக்கறது உன் அக்காவா?" என்றார் நுரைக்காரர்.

"எனக்கு அக்கா கிடையாது."

யாரோ சிரித்தார்கள். சத்தம் கேட்டு மலெக்கின் அம்மா கீழே இறங்கி வந்து, அன்று தாங்கள் மாத்தேரில்தான் இருந்தோம் என்று சொன்னாள். "அம்மா மகளை விட்டுக் கொடுப்பாளா? கேமரா பொய் சொல்லுமா?" என்று ஹெதி மாமா கேட்டுவிட்டார்.

மலெக் படத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு நெஸ்ரினைப் பார்த்தாள். "நீ சொல்லு. இதை எப்ப எடுத்தே?"

நெஸ்ரினுக்கு எடுத்தது ஞாபகம் இருந்தது. என்றைக்கு எடுத்தாள் என்பதுதான் ஞாபகம் இல்லை. எத்தனை படங்கள், எத்தனை நாட்கள்.

"தெரியல, மலெக். ஆனா... இதுல பதினாலுன்னு போட்டிருக்கே."

மலெக் ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று இரவு நெஸ்ரின் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்தாள். மலெக் பொய் சொல்ல மாட்டாள். கேமராவுக்குப் பொய் சொல்லவே தெரியாது. அப்படியானால் பொய் சொன்னது யார்? ஒருவேளை மலெக் மாத்தேருக்குப் போனது அதற்கு முந்தின ஞாயிறா? யோசிக்க யோசிக்க எல்லா ஞாயிறும் ஒன்றாகக் கலந்துவிட்டது.

பட்டனை அழுத்திப் படத்தைப் பெரிதாக்கினாள். மலெக்கின் கை தெரிந்தது. விரல்களுக்கு நடுவே ஒரு பச்சைக் கீரைத் துண்டு இருந்தது. குருவிக்குக் கீரை கொடுத்திருக்கிறாள். கொஞ்சம் கீழே நகர்த்தினாள். மலெக்கின் இளஞ்சிவப்பு மேலங்கி தெரிந்தது. தோளில் புத்தகப் பை தொங்கியது.

நெஸ்ரின் எழுந்து உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை யாராவது பள்ளி மேலங்கி போடுவார்களா? அதிலும் மலெக், பள்ளி விட்டதும் அதைக் கழற்றி எறிபவள்.

மற்ற படங்களைத் தேடினாள். அப்பா பைஜாமாவோடு அடுப்பில் அப்பம் சுடும் படம் ஒன்று கிடைத்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அடுப்புப் பக்கம் வருவார். அந்தப் படத்தில் பதினாறு என்று இருந்தது. பதினாறு செவ்வாய்க்கிழமை ஆயிற்றே.

செவ்வாய்க்கிழமை அப்பா அப்பம் சுட்டாரா? இல்லை. அன்று அவர் விடியும் முன்பே படகுக்குப் போய்விட்டார்.

அவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். சுவரில் நாள்காட்டி தொங்கியது. தினமும் ஒரு தாள் கிழிக்கும் நாள்காட்டி. கேமராவில் தேதி வைக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துத்தான் வைப்பாள். அதில் இருபது என்று பெரிதாக இருந்தது.

"அம்மா, இன்னைக்கு என்ன தேதி?"

"நாள்காட்டியைப் பாரு."

"அது தப்பும்மா. இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல பதினெட்டுன்னு எழுதினோம்."

அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "பதினெட்டா? அதான் பல் டாக்டர் என்னை அப்படிப் பார்த்தாரா? இருபதாம் தேதிதானே வரச் சொன்னீங்கன்னு நான் சண்டை வேற போட்டுட்டு வந்தேன்."

"நான் காலையில ஒரு தாள்தான் கிழிக்கறேன். என்ன நம்பர்னு பாக்கறதே இல்ல" என்றாள் அம்மா. "மாசம் இவ்வளவு வேகமா ஓடுதேன்னு நினைச்சேன்."

மூன்று பேரும் மேசைக்கு அடியில் பார்த்தார்கள். நாலு வயது இஸ்கந்தர் தன் காகிதப் படகுகளோடு இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டான்.

"எத்தனை தாள் கிழிச்சே?" என்று கேட்டாள் நெஸ்ரின்.

அவன் இரண்டு விரல்களைக் காட்டினான். கொஞ்சம் யோசித்து மூன்றாவதையும் நீட்டினான். "இந்தப் படகு மட்டும் பேப்பர்காரர் போட்ட பேப்பர்ல செஞ்சது" என்றான்.

ஆக, கேமரா இரண்டு நாள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. மலெக்கின் படம் பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை எடுத்தது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை எடுத்தவை?

பதினாறு என்று போட்ட படங்களைத் திறந்தாள். அப்பம். அப்பம் தின்னும் இஸ்கந்தர். பிறகு தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு போன கல்யாணக் கார்கள். பூவும் ரிப்பனும் கட்டிய காரைத்தான் அவள் எடுத்திருந்தாள். ஆனால் படத்தின் ஓரத்தில் ஹெதி மாமாவின் கடை தெரிந்தது. பெரிதாக்கினாள். ஹெதி மாமா, அந்த ஊர் ஆண்கள் வைப்பதுபோல் காதில் மல்லிகைப் பூவோடு, முக்காலியில் ஏறி, ஒரு கையில் தண்ணீர்க் கிண்ணமும் இன்னொரு கையில் திறந்த கூண்டுக் கதவுமாக நின்றார். அவர் முகம் கார்கள் பக்கம் திரும்பியிருந்தது.

அடுத்த படத்தில் அவர் தெரு நடுவில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். பின்னால் முக்காலி இருந்தது. கதவு திறந்தபடி, காலிக் கூண்டு இருந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும் நெஸ்ரின் நேராகக் கடைக்கு ஓடினாள். வழியெல்லாம், எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்லிக் காட்ட வேண்டும் என்றுதான் நினைத்தாள். கடையில் இடமே இல்லை. அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று மலெக்கைப் பார்த்ததும் இதே கண்கள்தான்.

நெஸ்ரின் வாயை மூடிக்கொண்டாள்.

"மாமா, ஒரு நிமிஷம் உள்ள வர்றீங்களா?"

திரைக்குப் பின்னால் போய்க் கேமராவை நீட்டினாள். திரை மிகச் சிறியது. ஹெதி மாமா மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டினார்.

"யாரு இந்த ஆளு, காதுல மல்லிகைப் பூவோட?"

"நீங்கதான், மாமா."

தேதி எப்படி மாறியது என்று அவள் சொல்லி முடித்தாள். அவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துண்டுக் குவியல் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கதவை மூடிட்டேன்னுதான்மா நினைச்சேன். சத்தியமா மூடிட்டேன்னுதான் நினைச்சேன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதை ஏன் வெளிய வச்சுக் காட்டல?" என்றார்.

"எல்லாரும் உங்களையே பார்ப்பாங்க. அது ஒரு மாதிரியா இருக்கும், மாமா."

ஹெதி மாமா எழுந்தார். பாதி சவரத்தில் ஒருவர் காத்திருக்க, அவரைத் தாண்டி வெளியே போனார். மலெக் வீட்டுக்குக் கீழே தெருவில் நின்று அண்ணாந்தார்.

"மலெக், கேக்குதாம்மா? கதவைத் திறந்து விட்டது நான்தான். நானே விட்டுட்டு உன்னைச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

நேற்றைவிடச் சத்தமாகவே சொன்னார். மூன்றாவது மாடியில்கூட ஜன்னல்கள் திறந்தன.

மலெக் வெகுநேரம் கழித்துத்தான் கீழே வந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த நெஸ்ரினுக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"நான் உன்னைத்தான் நம்பியிருக்கணும். அந்த நம்பரைப் பார்த்துட்டுக் குழம்பிட்டேன்" என்றாள் நெஸ்ரின். அவள் கண்கள் கலங்கின.

"நீ மட்டுமா?" என்றாள் மலெக். "நேத்து ராத்திரி நானே எங்கம்மாவை எழுப்பி, நாம நிஜமா மாத்தேருக்குப் போனோமான்னு கேட்டேன்."

நெஸ்ரினுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மலெக் அவள் கையிலிருந்து கேமராவை வாங்கினாள்.

"முதல்ல இந்தத் தேதி வர்றதை நிறுத்து."

நெஸ்ரின் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று காட்டினாள். மலெக் அழுத்தினாள். பிறகு நகர்ந்து உட்கார்ந்து, நெஸ்ரினின் முகத்துக்கு மிக அருகில் கேமராவைப் பிடித்து, ஒரு படம் எடுத்தாள்.

மூக்கு சிவந்து, கண் வீங்கி, வாய் பாதிச் சிரிப்பில் திறந்திருந்தது. நெற்றிக்கு மேல் தலையே இல்லை. இருவரும் அந்தச் சின்னத் திரையில் தலையை முட்டிக்கொண்டு அதைப் பார்த்தார்கள்.

"ரொம்ப அசிங்கமா இருக்கே" என்றாள் மலெக்.

"ஆமா" என்றாள் நெஸ்ரின். அந்தப் படத்தை அவள் கடைசிவரை அழிக்கவே இல்லை.