எட்டாம் எண் கிரேனின் ஊசல்

சுமர்னி கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டே வந்தாள். இந்தோனேசியாவின் சுரபாயா துறைமுகத்தில் பதினேழு வருடமாகக் கிரேன் ஓட்டுபவள். கையிலிருந்த தாளை ரெத்னோவின் மேசைமேல் போட்டாள்.

"நாலு மணிக்குள்ள இதுல கையெழுத்து போடணுமாம். என் கவனக்குறைவால கன்டெய்னர் ஆடி விபத்து நடந்துச்சுன்னு எழுதியிருக்கு. போட்டா லைசென்ஸ் போச்சு. போடலன்னா போலீசாம். வரட்டும்! செய்யாததுக்கு நான் கையெழுத்து போட மாட்டேம்மா."

ரெத்னோவின் வேலை விசித்திரமானது. அளந்த எண்களை வைத்துக்கொண்டு, ஓர் இயந்திரம் எதற்கு எப்படி அசையும் என்பதைக் கணக்காக வடித்துவிடுவாள். உள்ளே என்ன தள்ளினோம், வெளியே என்ன வந்தது, இரண்டும் தெரிந்தால் நடுவில் இருப்பதன் குணம் தெரிந்துவிடும் என்பாள். அவளோடு சுற்றும் ஜுமாடி ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். வயது ஐம்பத்தெட்டு, அவசரம் பதினெட்டு.

விபத்து மூன்று நாள் முன்பு நடந்தது. எட்டாம் எண் கிரேன் இறக்கிய கன்டெய்னர் ஊசலாடி, கீழே நின்ற தொழிலாளி ரொகிமின் காலை நசுக்கிவிட்டது. மேலாளர் ஹந்தோயோ தாளோடு ஒரு வரைபடமும் இணைத்திருந்தார். ஒரு கோடு, பெட்டி தொங்கும் மேல்வண்டியான டிராலியை ஓட்டச் சுமர்னி அசைத்த லிவர், மற்றொன்று கன்டெய்னரின் ஆட்டம்.

"ரெண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரில்ல இருக்கு!" என்றார் ஜுமாடி. "கை முன்னால போனா பெட்டியும் முன்னால. கதை முடிஞ்சுதும்மா."

"யாரு கதை?" என்று சீறினாள் சுமர்னி.

ரெத்னோ வரைபடத்தின் மேல் வெகுநேரம் குனிந்திருந்தாள். பிறகு இழுப்பறையிலிருந்து ஓர் அடி ஸ்கேலை எடுத்து, சுமர்னியின் விரல்களுக்கு நடுவே தொங்கவிட்டாள். "நான் விட்டதும் பிடிங்க." ஸ்கேல் இருபத்தைந்து சென்டிமீட்டர் நழுவியபின் பிடிபட்டது. அவ்வளவு தூரம் விழ ஸ்கேல் எடுத்த நேரத்தை ரெத்னோ கணக்கிட்டுக் குறித்துக்கொண்டாள்.

"பெட்டி ஆட ஆரம்பிச்சதும் என்ன செஞ்சீங்க?"

"வேற என்ன செய்வேன்? பெட்டி எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமே டிராலிய விட்டு அடக்கப் பார்த்தேன். சோத்துக் கை வாய்க்குப் போற மாதிரி அது தானா நடக்கும். டிராலி பிரேக் வழுக்குதுன்னு மூணு தரம் எழுதிக் கொடுத்தேம்மா. ஒருத்தன் கண்டுக்கல."

"ஜுமாடி அண்ணே, பஸ் சட்டுனு முன்னால கிளம்பினா நிக்கிறவன் எந்தப் பக்கம் சாய்வான்?"

"பின்னால. இது தெரியாதா?" என்றவர், வரைபடத்தின் இரண்டு கோடுகளையும் விரலால் மறுபடி தொடர்ந்து பார்த்தார்.

மூவரும் துறைமுகத்துக்குப் போனபோது ஹந்தோயோ வழியை மறித்தார். "கிரேன யாரும் தொடக் கூடாது."

சுமர்னி இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் காட்டினாள். அடுத்த ஷிப்ட்காரர் கையில் சாவி மாறும்வரை கிரேன் பழைய ஓட்டுநருடையது என்பது அங்கே எழுதாத சட்டம். விபத்தன்று கிரேனை நிறுத்தியதிலிருந்து சாவியை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை.

"நாலு மணி வரைக்கும் இது என் கிரேன் சார். முடிஞ்சா ஏறி வந்து என்னை இறக்குங்க."

ஹந்தோயோவுக்கு உயரம் என்றால் ஆகாது. அது துறைமுகம் முழுக்கத் தெரியும்.

கீழே ஆட்களை அப்புறப்படுத்தி, வெறும் கன்டெய்னரை ஆள் உயரத்துக்குத் தூக்கினார்கள். மேலே ஓட்டுநர் கேபினின் கண்ணாடித் தரையில் செய்தித்தாள் விரிக்கச் சொன்னாள் ரெத்னோ. இனி சுமர்னிக்குக் கன்டெய்னர் தெரியாது. கீழே ஜுமாடி ஐந்நூறு ரூபியா நாணயத்தைச் சுண்டினார். தலை விழுந்தால் "முன்ன!", மறுபக்கம் விழுந்தால் "பின்ன!" என்று வயர்லெஸ்ஸில் கத்தினார்.

"கை அரிக்குதும்மா," என்றது மேலிருந்து வந்த குரல். "பெட்டியப் பாக்காம நான் ஓட்டினதே இல்ல."

"அரிக்கட்டும். நாணயம் சொல்றத மட்டும் கேளுங்க," என்றாள் ரெத்னோ.

அரைமணி நேரம் இந்தக் கூத்து நடந்தது. கிரேனின் கருவி பதிந்த எண்களில் முதல் பாதியை வைத்து ரெத்னோ கணக்கை வடித்தாள். மறுபாதியில் பொருத்திப் பார்த்தபோது நூல் பிடித்தாற்போல் ஒத்துப்போனது. அதற்குள் ஜுமாடி டிராலி வரை ஏறி இறங்கி, எண்ணெய் குடித்துத் தேய்ந்துபோன பிரேக் கட்டை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

மூன்றரை மணிக்கு ஷிப்ட் அறையில் எல்லோரும் கூடினார்கள். அடுத்த ஷிப்ட் ஓட்டுநர்களும் காப்பிக் குவளையோடு நின்றார்கள்.

"என் வரைபடமும் கம்ப்யூட்டர் போட்டதுதான்," என்றார் ஹந்தோயோ.

"கணக்குல தப்பில்ல சார். ஆனா நீங்க கணக்கெடுத்தது கிரேன இல்ல, சுமர்னியோட கைய."

ரெத்னோ நிதானமாகச் சொன்னாள். "லிவர்தான் ஆட்டத்துக்குக் காரணம்னா, டிராலி முன்னால கிளம்பும்போது பெட்டி முதல்ல பின்தங்கணும். உங்க படத்துல ரெண்டும் ஒரே பக்கம் போகுது. அதுமட்டுமில்ல, லிவர் ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குக் கால் வினாடி பிந்தி வருது. இவங்க ஸ்கேல் பிடிக்க எடுத்த நேரமும் கிட்டத்தட்ட அதுதான். பெட்டி ஆடுது, கண்ணு பாக்குது, கை போகுது. நீங்க தலைகீழாப் படிச்சுட்டீங்க."

"அப்ப முதல் ஆட்டம் எங்கேருந்து வந்தது?"

"லிவர் அசையாம நடுவுல நின்னப்பவே வந்தது. காத்துல டிராலி வழுக்கியிருக்கு, பிரேக் திடீர்னு பிடிச்சிருக்கு, பெட்டி முன்னால பாஞ்சிருக்கு. இன்னைக்கு இவங்க பெட்டியப் பாக்காம ஓட்டினாங்க. அதனால இன்னைக்கு எண்ணுல கிரேன் மட்டும்தான் இருக்கு. அந்தக் கணக்குல விபத்தன்னைக்கு ஆடின லிவர நீக்கிட்டுப் பார்த்தேன். சுமர்னி கை அசையாம இருந்திருந்தா ஆட்டம் இன்னும் ஒன்றரை மீட்டர் கூடியிருக்கும். ரொகிமுக்குக் காலோட போயிருக்காது."

மூன்று நாளில் முதல் முறையாகச் சுமர்னியின் கண் கலங்கியது.

ஹந்தோயோ தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். குரல் தணிந்துவிட்டது. "சரி. இயந்திரமும் ஓட்டுநரும்னு பாதிப் பாதியா எழுதிடலாம். லைசென்ஸ் உங்ககிட்டயே இருக்கும். எனக்கும் மேலிடத்துல பதில் சொல்லணுமில்ல?"

"பாதிப் பொய்க்கு மட்டும் கையெழுத்து வருமா சார்?" என்றாள் சுமர்னி. சாவியை மேசைமேல் வைத்தாள். அடுத்த ஷிப்ட்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்களே தவிர, ஒருவரும் கை நீட்டவில்லை.

"பிரேக் மாத்தட்டும், வாங்கிக்கறோம்," என்றார் அவர்களில் மூத்தவர்.

சுமர்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அவன் காலை நான்தான் ஒடச்சேனோன்னு மூணு நாளா ரொகிம் முகத்தப் பாக்கத் தைரியமில்ல. நாலு மணிக்குப் போலீஸக் கூப்பிட்டா அங்கயே அனுப்புங்க சார். எங்க ரெண்டு பேர்கிட்டயும் அவங்களுக்குச் சொல்றதுக்கு நிறைய இருக்கு."