இருபதாவது குண்டு

பம்பரத்துக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. சாப்பிடும்போது கால் ஆடும், படிக்கும்போது பென்சில் ஆடும். அதனால்தான் வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்கு அந்தப் பெயர். அன்றைக்கு அவள் பதினோராவது முறையாகக் கடிகாரம் பார்த்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடி வந்தாள்.

"மணி என்ன?" அம்மா நிமிராமலே கேட்டாள்.

"பத்தரை. நாலு மணிக்கு ஊர்வலம்மா!"

விளையாட்டுத் திடலிலிருந்து பழைய வண்டிகளின் ஊர்வலம். அம்மாவின் மோட்டார் சைக்கிள் அம்மாவைவிடப் பதினைந்து வயது மூத்தது. பழைய இரும்புக் கடையில் துருவேறிக் கிடந்ததை வாங்கி, அச்சக வேலை முடிந்த மாலைகளில் இரண்டு வருடமாகச் சரிசெய்திருந்தாள். பின்சீட்டு பம்பரத்துக்கு. ஹெல்மெட்டை அவள் நேற்றே நான்கு முறை துடைத்துவிட்டாள்.

ஒரே ஒரு குறை. ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் 'டக்'கென்று எதுவோ தடுத்தது. வண்டியின் கழுத்துக்குள் மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம். இரண்டிலும் மிளகைவிடச் சற்றுப் பெரிய எஃகுக் குண்டுகள். அவை தேய்ந்து குழி விழுந்திருந்தன. திடல் வாசலில் ஒவ்வொரு ஹேண்டிலையும் திருப்பிப் பார்த்த பிறகுதான் வண்டியை உள்ளே விடுவார்கள்.

முன்சக்கரத்தைக் கழற்றியாயிற்று. புதுக் கிண்ணங்களை அம்மா தட்டி உட்கார வைத்து, மேல் கிண்ணத்தில் குண்டுகளையும் பதித்திருந்தாள்.

"உன் விரல்தான் பொடி விரல். கிரீஸைத் தடவி இதெல்லாத்தையும் கீழ்க் கிண்ணத்துல வரிசையா பதிச்சு வை. நான் கையைக் கழுவிட்டு வந்துடறேன்" என்று ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினாள்.

பம்பரம் திரும்பிய வேகத்தில் முழங்கை பட்டு, பெஞ்சில் வைத்த பொட்டலம் கீழே விழுந்தது. குண்டுகள் நாலாபக்கமும் ஓடின. அவள் தவழ்ந்து, துழாவி, எல்லாவற்றையும் பொறுக்கினாள். எல்லாவற்றையுமா?

ஒவ்வொன்றாகப் பதித்து முடித்தபோது வட்டத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. சரியாக ஒரு குண்டு அளவு.

ஒன்று தொலைந்துவிட்டதா? பெஞ்சுக்கு அடியில் பார்த்தாள். செருப்புக்குள்கூடப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அம்மா வரும் சத்தம் கேட்டது. அழுக்குத் துணியில் பழைய குண்டுகள் கிடந்தன. ஒன்றைத் துடைத்து இடைவெளியில் வைத்து அழுத்தினாள். உட்கார்ந்துவிட்டது.

"முடிச்சிட்டியா? கெட்டிக்காரி!" என்றாள் அம்மா.

பம்பரம் அழுக்குத் துணியைச் சுருட்டிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள்.

ஒன்றரை மணிக்கு எல்லாவற்றையும் மாட்டி முடித்தார்கள். அம்மா ஹேண்டிலைத் திருப்பினாள். கரகரவென்று நகர்ந்து பாதியில் நின்றது. நட்டைத் தளர்த்தினாள், இறுக்கினாள், மறுபடியும் தளர்த்தினாள். அப்போதும் அதே கதைதான்.

பக்கத்துக் கடைத் தையல்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "என்னக்கா, வண்டி பிடிவாதம் பிடிக்குதா? உங்க பொண்ணு மாதிரி கொஞ்சம் ஆடச் சொல்லுங்க!"

பம்பரம் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவும் ஓடவில்லை.

அம்மா ஸ்பானரைக் கீழே வைத்தாள். "என் கைதான் சரியில்ல. கிண்ணத்தைக் கோணலா அடிச்சிருக்கேன். இரண்டு வருஷ வேலையைக் கடைசி நாள்ல கெடுத்துட்டேன்."

பம்பரத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நீ இல்லம்மா, நான்! ஒரு குண்டைத் தொலைச்சிட்டேன். அந்த இடத்துல பழசைச் சொருகிட்டேன்."

"தொலைச்சியா? எப்படித் தெரியும்?"

"ஒரு இடம் காலியா இருந்துச்சே!"

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "அடிப் பெண்ணே! அந்த இடம் காலியாத்தான் இருக்கணும். பொட்டலத்துல பத்தொன்பதுதான் இருந்துச்சு. நெரிசல் பஸ்ல யாராவது நகர முடியுமா? கொஞ்சம் இடம் விட்டாத்தான் குண்டு உருளும்."

"இதை எங்க கிளாஸ் டீச்சர்கிட்டயும் சொல்லேன்."

"முதல்ல ஸ்பானரை எடு, வாயாடி. மணி ரெண்டாகப் போகுது."

மறுபடியும் பிரிக்க வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை இறக்கினால் கீழ்க் கிண்ணத்துக் குண்டுகள் உதிரும். பம்பரம் ஓடிப்போய்த் தடித்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அடியில் விரித்தாள். 'பொத் பொத்' என்று விழுந்த குண்டுகள் விழுந்த இடத்திலேயே கிடந்தன.

"எண்ணு" என்றாள் அம்மா.

இருபது! ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆனால் எல்லாமே கிரீஸில் குளித்திருந்தன. துடைத்த பிறகும் எது பழசு என்று தெரியவில்லை.

பம்பரம் மறுபடியும் ஓடினாள். முகம் பார்க்கும் கண்ணாடியோடு வந்தாள். அதைத் தரையில் லேசாகச் சாய்த்து வைத்து ஒவ்வொன்றாக உருட்டினாள். சறுக்கு மரத்தில் இறங்குவதுபோல் ஒவ்வொன்றும் நேராக ஓடியது. பதினாறாவது மட்டும் கடகடவென்று தடுமாறி ஒதுங்கியது.

"திருடன் மாட்டினான்!" என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மூன்றே முக்கால். அம்மா ஹேண்டிலை ஒற்றை விரலால் தொட்டாள். அது சத்தமே இல்லாமல் தானாகத் திரும்பி ஒரு பக்கம் சாய்ந்தது.

திடல் வாசலில் பரிசோதகர் கதவை மூடப் போனவர், அவர்களைப் பார்த்து நின்றார். ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"வெண்ணெய் மாதிரி இருக்கே! யாரு மாட்டினது?"

"கீழ்க் கிண்ணம் இவளோட வேலை" என்றாள் அம்மா. "ரெண்டு தடவை!"

"போங்க, போங்க. கடைசி வண்டி நீங்கதான்."

அம்மா திரும்பி, "இப்பவாவது ஆடாம உட்காரு" என்றாள்.

முதல் திருப்பம் வரை பம்பரம் அசையவே இல்லை. வண்டி வழுக்கிக்கொண்டு திரும்பியபோது, ஒரு கையால் அம்மாவை இறுக்கிக்கொண்டாள். சட்டைப்பைக்குள் இன்னொரு கை இருபதாவது குண்டை மெல்ல உருட்டத் தொடங்கியது.