பீரோவுக்கு அடியில் போன ஜி.பி.எஸ்.

செவ்வாய், காலை 5.10. தரங்கம்பாடியில் படகு வைத்திருக்கும் கலியபெருமாளின் ஜி.பி.எஸ். கருவி காணாமல் போனது. அந்த வீட்டில் ஒரே மாதத்தில் நான்காவது களவு. மிக்ஸி மூடி, ரேஷன் கார்டு, ரிமோட் ஆகியவை முன்பே போய்த் திரும்பியிருந்தன. எடுத்தது எட்டு வயது மகள் ஜீவிதா. ஏன் எடுத்தாள் என்பதுதான் மர்மம்.

காலை 11.30. தஞ்சாவூர். குழந்தைகள் மனநல ஆலோசகர் ஃபிளோரா, மூன்று வாரமாகத் தன்னிடம் மட்டும் வாய் திறக்காத ஜீவிதாவை வெளியே படம் வரைய உட்காரவைத்துவிட்டுப் பெற்றோரை மட்டும் உள்ளே அழைத்தார்.

"வைத்தியம் புள்ளைக்குத்தானே மேடம்? நாங்க எதுக்கு?" என்றார் கலியபெருமாள்.

"களவு போனது உங்க வீட்டுல. சாட்சி நீங்கதான்."

"திங்கக்கிழமை பாப்பாவை ஹாஸ்டல்ல விட்டுடுறோம்" என்றாள் தாய் எழில்மொழி.

"சரி. பஸ்ல என்ன பேசிட்டு வந்தீங்க?"

"'அம்மாகிட்ட சில்லறை இருக்கான்னு கேளு'ன்னு பாப்பாகிட்ட சொன்னேன்."

"அம்மா எங்க இருந்தாங்க?"

"பாப்பாவுக்கு அந்தப் பக்கம்."

இருவரும் நேராகப் பேசிப் பத்து மாதம். அந்த வீட்டுப் பல்லிகளே நிசப்தம் தாங்காமல் அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விட்டன. சண்டையின் காரணம் இருவருக்கும் மறந்துவிட்டது. முதலில் மறந்தது யார் என்பதில்தான் இப்போது சண்டை.

"பொருளெல்லாம் எங்க கிடைச்சுது?"

"மூடி கிரைண்டருக்கு அடியில. ரிமோட் ஐஸ் பெட்டிக்கு அடியில. மத்த ரெண்டும் பீரோவுக்கு அடியில."

"எப்படி எடுத்தீங்க?"

"நான் ஒரு பக்கம் தூக்கினேன்" என்றார் கலியபெருமாள், சுவரைப் பார்த்து.

"நான் ஒரு பக்கம்" என்றாள் எழில்மொழி, ஜன்னலைப் பார்த்து.

ஃபிளோரா பேனாவை மூடினார்.

"மூணு இடமும் அவ சின்னக் கை மட்டும் நுழையுற இடம். எடுக்கணும்னா ரெண்டு பெரியவங்க சேர்ந்து தூக்கணும். தூக்கும்போது என்ன பேசினீங்க?"

"'பாத்துங்க, கால்ல விழுந்துடப் போவுது'ன்னேன்" என்றாள் எழில்மொழி.

"அதைக் கேக்கத்தான் ஒளிச்சு வச்சிருக்கா. தப்பு யார் மேலன்னு நான் கேக்கலை. அடுத்த வாரமும் முதல்ல நீங்க ரெண்டு பேரும் வாங்க."

கலியபெருமாள் மனைவி பக்கம் திரும்பினார். கடலில் புயலைப் பார்த்தும் அவர் இவ்வளவு வியர்த்ததில்லை.

"எழிலு, ஹாஸ்டல் வேணாம்."

"ம். வேணாங்க."

கதவைத் திறந்தார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் ஜீவிதா வழக்கம்போல எழுந்து நின்றாள்.

"அம்மாகிட்ட என்னப்பா சொல்லணும்?"

"ஒண்ணும் வேணாம். நானே சொல்லிட்டேன். நீ உக்காந்து படத்தை முடி."